பொனற்றில் வெட்டிய ஓட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரின் எஞ்சினை மூடுகிற அந்தப் பொனற்றை அவன் வெட்டியிருக்கக் கூடாது. என் மகளின் கலியாணத்தில் நடந்ததற்கு இக்காஸ்ட் என்கிற இந்த டேனிஷ் ஊர் முழுக்க ஆளுக்கொரு காரணம் சொல்லித் திரிகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் காபுரேற்றர் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். பிறகு யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

அவன் என்றால் றொஜிதன். என் மனைவி ராசமலரின் தம்பி, எனக்கு மச்சான், என் ஒரே மகள் சாரங்கிக்குத் தாய்மாமன். பஸ் திருத்தும் கராஜில் மெக்கானிக்காக வேலை. நான் நவரத்தினம், இக்காஸ்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ற் வேலை. வேலை முடிந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விசர்தான்: பழைய அமெரிக்கக் கார். பெரிய எஞ்சின், பெரிய சத்தம், தண்ணீர் மாதிரிப் பெற்றோல் குடிக்கிற சாமான்கள். எங்களைச் சேர்த்ததும் அந்த விசர்தான், பிரித்ததும் அதுதான்.

கார் 1970ஆம் ஆண்டு டொட்ஜ் சலஞ்சர். ரெக்சாஸில் யாரோ ஒருவருடைய கொட்டிலில் கிடந்ததை இருவரும் சேர்ந்து வாங்கி, கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினோம். வந்தபோது இருக்கைக்குள் எலிக்கூடு இருந்தது, தரைத் தகட்டை உக்கல் தின்றிருந்தது. ஆனால் எஞ்சின் தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின், ஏழு லீற்றருக்கு மேல். பொனற்றும் அதே பொனற், ஒரு பொட்டுத் துரு இல்லை. நிறம் கத்தரிப்பூ. அந்த நிறத்துக்காகவே நான் அதை விரும்பினேன் என்று சொன்னால் அதிலும் பொய்யில்லை.

என் கொள்கை ஒன்று. கார் எப்படிப் பிறந்ததோ அப்படியே அதை எழுப்ப வேண்டும். ஆணி, வயர், பெயின்ற், எல்லாம் பிறந்தபடி. இந்த நாட்டுச் சட்டமும் என் பக்கம்தான். பழைய கார் பழையபடி இருந்தால்தான் பழைய காருக்குரிய சலுகையோடு பதிவார்கள். றொஜிதனுக்கோ எதையும் இருந்தபடி விட ஏலாது. புது இன்ஜெக்ஷன், புது பிரேக், சாவி இருந்த இடத்தில் பொத்தான், அகன்ற ரயர்.

"அத்தான், நீங்கள் செய்யிறது கார் வேலை இல்லை. பிரேதத்துக்குப் பவுடர் போடுற வேலை" என்றான் ஒருநாள்.

"நீ செய்யிறது குரங்கின்ர கையில பூமாலை குடுத்த வேலை" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் காரை யார் விடுவது? அவன் விடமாட்டான், நானும் விடமாட்டேன். ஒரு பன்றிப் பண்ணையின் பின்னால் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டிலில், தரையின் நடுவே மஞ்சள் பெயின்ற்றால் கோடு இழுத்தேன். காரின் முன்பாதி என் பக்கம், பின்பாதி அவன் பக்கம். நான் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டினேன். அவன் பின்னால் சைலன்சரும் ரயரும் என்று ஏதோ கூத்தாடினான். ஒரு ஸ்பானர் உருண்டு கோட்டைத் தாண்டிப் போனால்கூடக் குனிந்து எடுக்கமாட்டேன். வீட்டுக்குப் போய் ராசமலரிடம் சொல்வேன், அவள் தம்பிக்குப் போன் எடுப்பாள், அவன் அதை என் பக்கம் காலால் தள்ளிவிடுவான். இப்படியே வருஷங்கள் போயின. பண்ணைக்காரன் தன்னுடைய பன்றிகள் எங்களை விட ஒற்றுமை என்று டேனிஷில் சொல்லிச் சிரிப்பான்.

அந்த நேரம் பார்த்துச் சாரங்கிக்குக் கலியாணம் சரிவந்தது. பெடியன் லவன், டோஸ்ட்ருப்பில் இருப்பவன், நல்ல பிள்ளை. அவர்களே ஒருவரையொருவர் பார்த்து, அவர்களே முடிவெடுத்து, நகரசபைக் கொம்யூனில் போய்ப் பதிந்து எழுதியும் விட்டார்கள். மண்டபக் கலியாணம் மட்டும்தான் மிச்சம். எங்கள் வழக்கத்தில் பெண்ணை மணவறைக்கு அழைத்துவருவது தாய்மாமன். அவள் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைப்பது தகப்பன். ஒரே பிள்ளை பெற்றவனுக்கு அது வாழ்க்கையில் ஒரேயொரு தரம் வருவது. அவள் பிறந்த நாளிலிருந்து அந்த நிமிடத்தை நான் எத்தனையோ முறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

தாய்மாமன் இல்லாமல் கலியாணம் நடத்தேலாது என்று ராசமலர் தம்பியிடம் போனாள். திரும்பி வந்து, சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவன் வருவான். ஆனா பொம்பிளை அந்தக் காரிலதானாம் வரவேணும். அவன்தான் ஓடுவானாம். கலியாணம் முடியுமட்டும் முழுக் காரும் அவன்ர கையில வேணுமாம்."

"முன்பாதியுமோ?"

"முழுக் கார் எண்டா முன்பாதி இல்லாமலோ?"

கொதி தலைக்கேறிவிட்டது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அப்போதுதான் சாரங்கி வந்து எனக்கு எதிரே இருந்தாள். கோபம் வந்தால் அவள் டேனிஷில்தான் தொடங்குவாள். அன்று தமிழிலேயே தொடங்கினாள். அதனால்தான் பயந்தேன்.

"அப்பா, கடதாசிப்படி நான் ஏற்கெனவே லவன்ர மனிசி. இந்தக் கலியாணம் உங்களுக்காக. எனக்கு நீங்களும் வேணும், மாமாவும் வேணும். ஆனா அண்டைக்கு நீங்கள் ரெண்டுபேரும் சண்டை தொடங்கினா, நான் ஒருத்தரையும் அனுப்பிக் கூப்பிடமாட்டன். கூப்பிடவும் விடமாட்டன். நேரத்துக்கு மேடையில நிக்கிறவை நிக்கட்டும்."

"நான் ஏன் பிள்ளை சண்டை பிடிக்கப்போறன்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மாமனிடமும் இதையே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டேன். கலியாணம் வரை கொட்டில் பக்கம் போகக்கூடாது என்று ராசமலர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நானும் போகவில்லை. போயிருந்தால் அந்த அநியாயத்தை அங்கேயே பார்த்திருப்பேன்.

கலியாண நாள். இரவு பெய்த மழையில் மண்டப வாசல் ஈரமாகக் கிடந்தது. மண்டபத்துக்குள் நெருப்புக் கொளுத்தினால் அலாரம் அடிக்கும் என்று பொறுப்பாளர் முதலே சொல்லிவிட்டதால், ஆராத்தியை வெளியே கார் நிறுத்துமிடத்தில் எடுப்பதென்று ஏற்பாடு. றொஜிதனின் மனைவி சுஜீதா பித்தளைத் தட்டத்தில் வாழைப்பழத் துண்டும் திரியும் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு கிண்ணம் நிறைய, அறுகம்புல்லும் மஞ்சளும் கலந்த அறுகரிசி தந்திருந்தார்கள். பெண் வந்து சேரும்போது தகப்பன்தான் முதல் பிடியைத் தூவி வாழ்த்த வேண்டும் என்று அங்கு நின்ற பெரியவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை உள்ளே மணவறையில் இருந்தான்.

சத்தம் முதலில் வந்தது. நான் பூட்டிய எஞ்சின், என்ன இருந்தாலும் என் எஞ்சின். நெஞ்சு தானாக நிமிர்ந்தது. பிறகு கார் வளைவால் திரும்பியது. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூச்சரம். பார்த்தால் பொனற்றின் நடுவில் சட்டிப் பருமனில் ஒரு ஓட்டை! அந்த ஓட்டைக்குள்ளால், எஞ்சினுக்குக் காற்றும் பெற்றோலும் கலந்து ஊட்டுகிற காபுரேற்றர் வாயைப் பிளந்துகொண்டு வெளியே நிற்கிறது. மேலே மூடி இல்லை, காற்றை வடிகட்டுகிற பில்ரர் இல்லை, ஒன்றுமில்லை. சத்தம் கூடட்டும் என்று பில்ரரையும் கழற்றிப்போட்டு வந்திருக்கிறான் பாவி. ஐம்பது வருஷம் ஒரு பொட்டுத் துரு பிடிக்காமல் கிடந்த தகட்டை வாளால் அறுத்திருக்கிறான்.

இப்போதே அவனைக் கழுத்தில் பிடித்து இழுத்துப் போட வேண்டும் என்றுதான் ஒரு காலை முன்னால் வைத்தேன்.

அப்போது கண்ணாடிக்குள் சாரங்கி தெரிந்தாள். முன் இருக்கையில், மாமனுக்குப் பக்கத்தில். பட்டுச் சேலையும் நெற்றிப்பட்டமுமாக. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், எனக்குப் பொனற்றும் மறந்தது, ஓட்டையும் மறந்தது. கண் மறைத்தது. கார் எஞ்சின் ஓடியபடியே எங்களுக்கு முன்னால் வந்து நிற்க, சுஜீதா தட்டத்தைச் சுற்றி முடித்தாள், "எறியுங்கோ அண்ணை" என்றார்கள், நான் இரண்டு கையாலும் அள்ளி என் பிள்ளை முகத்தைப் பார்த்து எறிந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் எறிந்தார்கள். மஞ்சள் அரிசி கண்ணாடியில் பட்டுத் தெறித்து, பொனற்றில் உருண்டு, காபுரேற்றரின் திறந்த வாய்க்குள் போனது. என் கையால்தான் போனது. ஆனால் வாய் திறந்து கிடந்தது ஆரால்?

வாசலடிக்குக் கொஞ்சத்தூரம்தான். றொஜிதன் சும்மா உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். சனம் பார்க்கிறது, வீடியோ எடுக்கிறார்கள், விடுவானா? அக்சிலேற்றரை ஒரு மிதி மிதித்தான். எஞ்சின் உறுமியது. காலை எடுத்தான், உறுமல் நிற்கவில்லை. கூடியது.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. உள்ளே காற்றுக்குக் கதவு மாதிரி இருக்கிற தட்டுக்கும் சுவருக்கும் இடையில் அரிசி இறுகிவிட்டது. கதவு இனி மூடாது. கார் முன்னால் பாய்ந்தது, அவன் பிரேக்கில் ஏறி நின்றான். முன்சில்லு இறுகி நிற்கப் பின்சில்லு சுழன்று புகை கக்கியது, கார் அங்குலம் அங்குலமாக வாசலில் நின்ற சனத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. சனம் குழறிக்கொண்டு ஓடியது. எஞ்சினை நிறுத்த வேண்டியதுதானே? சாவியைக் கழற்றிப்போட்டு, இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு சுவிச் வைத்திருக்கிறான் அந்த விஞ்ஞானி. அதன் மேல் முழக்கணக்கில் பட்டுச் சேலை குவிந்து கிடக்கிறது. அவன் ஒரு கையால் சேலைக்குள் துழாவுகிறான், சாரங்கி இரண்டு கையாலும் சேலையை அள்ளுகிறாள், சுவிச் கிடைக்கவில்லை.

சுஜீதாவின் கையிலிருந்த ஆராத்தித் தட்டத்தைப் பறித்தேன். எரிகிற திரியையும் பழத்தையும் ஈர நிலத்தில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடினேன். பொனற்றின் பக்கவாட்டில் பாய்ந்து, தட்டத்தைக் காபுரேற்றரின் வாயில் வைத்து நெஞ்சால் அமத்தினேன். தட்டத்தைக் கீழே யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. காற்றுப் போகாமல் எஞ்சின் மூச்சுக்கு இழுத்தது, விக்கியது, குலுங்கி நின்றது.

யாரோ ஒரு பெண் அழுவது மட்டும் கேட்டது. சாரங்கி கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காயமும் இல்லை. நான் செய்திருக்க வேண்டியது, கதவைத் திறந்து அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டியது. அதைத்தான் செய்யப் போனேன். றொஜிதன் மற்றப் பக்கத்தால் இறங்கி வந்தான்.

"விசரே அத்தான் உங்களுக்கு? காபுரேற்றருக்கை ஆராவது அரிசி எறிவினமோ?"

வருஷக்கணக்கில் அவன் என்னோடு நேரே பேசிய முதல் வார்த்தை அது.

"பில்ரர் எங்கையடா? பில்ரர் இருந்தா அரிசி போயிருக்குமோ?"

"அரிசி எறியாட்டி பில்ரர் தேவையோ?"

"பொனற்றை ஏன் வெட்டினனீ? ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"வெட்டின ஓட்டைக்குள்ளாலதானே இப்ப எஞ்சினை நிப்பாட்டினனீங்கள்! உங்கட முழுப் பொனற் இருந்திருந்தா மேல ஏறியிருந்து தாளம் போட்டிருப்பியள்!"

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கொதி இரண்டு மடங்காகும்.

"கியரை நியூற்றலுக்குத் தள்ளியிருக்கலாமே, ஏன் தள்ளேல்லை? பிள்ளை உள்ளுக்கை, சனம் முன்னுக்கு. ஏன் தள்ளேல்லை?"

"தள்ளியிருந்தா பாரமில்லாமல் சுத்தி எஞ்சின் வெடிச்சிருக்கும்!" என்று கத்தினான். "உங்கட எஞ்சின்! நீங்கள் இழைச்சு இழைச்சுப் பூட்டின எஞ்சின்!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. என் பிள்ளை இருந்த காரில் அவன் எஞ்சினைப் பற்றி யோசித்தது பெரிய குற்றம். ஆனால் என் எஞ்சினை மதித்த ஒரே மனிதன் அவன். அந்தச் சந்தோஷப் புழுகத்தை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"பேய்க்கதை கதையாதை! பிழை அரிசியில இல்லை. நீ மாட்டின ஸ்பிரிங்கிலதான் பிழை. கழட்டு, காட்டுறன்."

"கழட்டுவம். அரிசிதான் எண்டு நானும் காட்டுறன்."

அவனுடைய மெக்கானிக் ஆயுதங்கள் எப்போதும் டிக்கியில் இருக்கும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் குனிந்தோம். கார்க் கதவு திறந்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. சாரங்கி இறங்கிப் போகிறாள் என்றும் தெரிந்தது. போய் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து வர நேரமெடுக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் இவனுடைய வாயை அடைத்துவிட்டுப் போய்விடலாம்.

ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் இன்னொன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. அவன் பிடிக்க நான் திருகினேன், நான் பிடிக்க அவன் திருகினான். "பாத்து, இடையில இருக்கிற கஸ்கற் கிழியப்போகுது" என்றேன். "தெரியும், வாயைப் பொத்துங்கோ" என்றான். உள்ளே மேளமும் நாதஸ்வரமும் தொடங்கின. மாப்பிள்ளைக்கு ஏதோ கிரியை நடக்கிறது என்றான் அவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். தகப்பனும் தாய்மாமனும் இல்லாமல் பெண்ணுக்கு என்ன கிரியை செய்வார்கள்?

இடையில் சுஜீதா வந்தாள். எங்கள் இரண்டு பேரையும், எண்ணெய் பிடித்த வேட்டிகளையும் பார்த்தாள். வாயைத் திறந்து, பிறகு மூடினாள்.

"தட்டம் வேணும்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மணந்து பார்த்துவிட்டு, கைலேஞ்சியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாள். தாலியை வைத்துச் சபையில் சுற்றிக் காட்டுவதற்குத்தான் அந்தத் தட்டம் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அப்போது கையில் காபுரேற்றர் இருந்தது.

திருப்பிப் பார்த்தோம். தட்டுக்கும் சுவருக்கும் இடையில் மஞ்சள் அரிசி நசிந்து இறுகிக் கிடந்தது. "பாத்தியளோ!" என்றான். அதே கையோடு நான் மற்றப் பக்கத்தைக் காட்டினேன். தட்டை இழுத்து மூட இரண்டு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றதைத் துரை வேண்டாமென்று கழற்றியிருக்கிறார், கால் லேசாக இருக்கட்டுமாம். "நீ பாத்தியோ!" என்றேன். அவன் விரலை விட்டு அரிசியை ஒவ்வொன்றாகக் கிண்டி உள்ளங்கையில் எடுத்தான். இரண்டு பேரும் வென்றுவிட்டோம். இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்து கிடந்தது.

அப்போது உள்ளே மேளம் வேகம் பிடித்தது. கெட்டிமேளம். தாலி ஏறுகிற நேரத்து அடி.

ஒருவரையொருவர் பார்த்தோம். ஓடினோம்.

மண்டபக் கதவைத் தள்ளித் திறந்தபோது சனமெல்லாம் எழும்பி நின்றது. தலைகளுக்கு மேலாக மேடை தெரிந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை. தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் ராசமலர் தனியாக நின்றாள். அவளுடைய இரண்டு கையும் ஈரமாக இருந்தன. தாரை வார்த்த தண்ணீர். என் மகளின் கையை எடுத்து அவள்தான் கொடுத்திருக்கிறாள். அது முடிந்துவிட்டது. இனி அதை யாராலும் திருப்பி நடத்த முடியாது. சாரங்கி குனிந்திருந்தாள், லவன் அவள் கழுத்துக்குப் பின்னால் தாலியை முடிந்துகொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்க்கவில்லை. சொன்னபடி ஒருவரையும் அனுப்பிக் கூப்பிடவுமில்லை.

முன்னால் போக வழியில்லை, போனாலும் எந்த முகத்தோடு போவது? எல்லோர் கையும் உயர்ந்தது, எல்லோரும் பூவும் அரிசியும் எறிந்தார்கள். அட்சதை கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் எப்போதோ எங்களைக் கடந்து போயிருந்தார்கள். என் கையில் கிறீஸைத் தவிர ஒன்றுமில்லை.

பக்கத்தில் நின்ற றொஜிதன் மூடியிருந்த கையை விரித்தான். காபுரேற்றருக்குள்ளிருந்து கிண்டி எடுத்த அரிசி. கறுத்து, நசிந்து, பெற்றோலில் ஊறியது. அவன் அழுதுகொண்டிருந்தான். பாதியை என் உள்ளங்கையில் போட்டான்.

"பில்ரரைப் போட்டிருக்கலாம் அத்தான்" என்றான்.

"எறியடா" என்றேன்.

எறிந்தோம். மேடை தூரத்தில் இருந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண் தலையைத் தடவி, விரலை மணந்து, யாரென்று திரும்பிப் பார்த்தாள். எங்கள் அரிசி என் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை.